பெரிய மோட்டாரின் அளவு

ஒரு மிளகாய் மில்லில் டிரைவ் என்ற கருவி ஒன்று இருந்தது. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுப்பதும், அளவு மீறினால் நிறுத்துவதும் அதன் வேலை. வெகுகாலம் கூட இருந்த பெரிய மோட்டார் ஓய்ந்துபோக, அந்த இடத்தில் ஒரு சின்ன மோட்டாரை மாட்டினார்கள். டிரைவுக்குள் பெரிய மோட்டாருக்கென்று வைத்திருந்த பழைய அளவை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. டிரைவுக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் ஈர மிளகாய் உள்ளே அடைத்துக்கொண்டது.

“அண்ணே, சுத்த முடியலண்ணே! உடம்பெல்லாம் கொதிக்குது, நிறுத்துங்கண்ணே!” என்று சின்ன மோட்டார் அலறியது.

டிரைவ் தன் அளவைப் பார்த்தது. ஓடும் மின்சாரம் எல்லையில் பாதிகூட வரவில்லை.

“இதுக்கே இந்தக் கூப்பாடா? பெரியவன் இதுமாதிரி ரெண்டு பங்கு வாங்கிக்கிட்டு வாயே திறக்கமாட்டான். இந்தா, இன்னும் கொஞ்சம் வாங்கிக்கோ.”

“அண்ணே...”

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. பயல் வழிக்கு வந்துவிட்டான் என்று டிரைவ் நினைத்துக்கொண்டது.

அப்போதுதான் கருகல் நாற்றம் வந்தது. சின்ன மோட்டாரின் மேலெல்லாம் புகை.

டிரைவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “டேய் தம்பி! என்னடா ஆச்சு? எனக்கு ஒண்ணுமே காட்டலையேடா!”

பதறிப்போய் மறுபடியும் தன் அளவைப் பார்த்தது. எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லும் பச்சை விளக்கு, அந்தப் புகைக்குள்ளும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.