பன்னிரண்டாம் நம்பர் வீட்டுக்கு

"பெட்டியை எடுடி ரொஸெட்டா! இதுக்கு மேலயும் இந்த ஊர்ல இருந்தா உனக்கு ரோஷமே இல்லன்னு அர்த்தம்!"

வாசல் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள் எர்லீன். அதில் எழுதியிருந்த ஸ்வீடிஷ் அவளுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனால் கொட்டை கொட்டையாக எழுத்து, அடியில் இரண்டு கோடு, கடைசியில் மூன்று ஆச்சரியக்குறி. திட்டு என்று தெரிந்துகொள்ள மொழியா வேண்டும்?

"முதல்ல ஷூவைக் கழட்டுக்கா."

"ஆமா, வந்துட்டா சட்டம் பேச!"

எர்லீன் அமெரிக்காவின் மெம்ஃபிஸிலிருந்து வந்து பத்து நாளாகிறது. தங்கையைக் கையோடு கூட்டிப்போகத்தான் வந்தாள். அங்கே ஒரு பஸ் கம்பெனியில் ரொஸெட்டாவுக்கு டிரைவர் வேலை தயாராக இருந்தது. இன்று மாலை ஆறு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ரொஸெட்டாவும் போய்விடலாம் என்ற மனநிலையில்தான் இருந்தாள். ஸ்வீடனின் இந்தக் கோத்தன்பர்க்கில் பதினோரு வருடமாக ட்ராம் ஓட்டுகிறாள். அக்கா வந்த அன்றே சொன்னாள்: "யாரும் என்னைக் கடிஞ்சு ஒரு வார்த்தை சொன்னதில்லக்கா. ஆனா பதினோரு வருஷமா நான் இங்க விருந்தாளிதான். அதுதான் சலிச்சுப் போச்சு."

கூடவே சட்டங்களும் சொன்னாள். "ட்ராம்ல உன் பக்கத்துல யாரும் உக்காரலன்னா மனசு ஒடஞ்சு போகாத. இவங்க அவங்க ஆளுங்க பக்கத்துலயே உக்கார மாட்டாங்க, அது ஊர் வழக்கம். கடையில மட்டும் கையைப் பைக்குள்ள விடாத, ரசீதைத் தூக்கிப் போடாத. திருடின்னு சந்தேகப்படுவாங்க. அது நம்ம கறுப்பு நிறம். எது வழக்கம், எது நிறம்னு பிரிச்சுப் பாக்கவே எனக்கு அஞ்சு வருஷம் ஆச்சு."

எர்லீனும் கூடியவரை அதன்படி நடந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அடித்தளத்துப் பொதுச் சலவை அறைக்குப் போனபோது சுவர் முழுக்கக் காகிதங்கள் ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். ஏதோ குடியிருப்போர் கூட்ட அறிவிப்பு போல என்று ஒரு துணுக்குகூடத் தொடாமல் வந்தாள்.

இப்போது காகிதத்தைத் தங்கையின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "சொல்லுடி. இது வழக்கமா, நிறமா?"

ரொஸெட்டா வாங்கிப் பார்த்தாள். "மூணாம் மாடி உல்லா எழுத்து."

"யாரு, உன்னைப் பாத்தா தேன் ஒழுகச் சிரிப்பாளே, அந்தக் கிழவியா? படி சத்தமா!"

ரொஸெட்டா மெதுவாகப் படித்தாள். "'பன்னிரண்டாம் நம்பர் வீடே! துணி உலர்த்துற மெஷின் வலையில சேர்ந்த துணிப்பஞ்சை அப்படியே விட்டுட்டுப் போயிருக்கீங்க. நாங்க என்ன உங்க வேலைக்காரங்களா? பதினோரு வருஷமா இங்க இருக்கீங்க, இதுகூடத் தெரியாதா? வெக்கமா இல்ல?'"

படித்து முடித்தபோது அவள் கண் நிரம்பியிருந்தது.

"அழாதடி என் கண்ணு. இரு, மூணாம் மாடிக்குப் போய் அவ சிரிப்பை நான் பிடுங்கிட்டு வரேன்!"

"நீ உக்காருக்கா."

ரொஸெட்டா போனை எடுத்தாள். ஆறு மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. மெம்ஃபிஸ் கம்பெனியில் யாரோ எடுத்தார்கள். "ரொம்ப நன்றிங்க. மன்னிக்கணும், நான் வரல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எர்லீன் துள்ளி எழுந்தாள். "மூளை கெட்டுப் போச்சாடி உனக்கு?"

"சலவை ரூம் சுவர்ல ஒட்டியிருந்தது எல்லாம் என்னன்னு நெனச்ச? எல்லாமே இந்த மாதிரிதான். ரெண்டாம் நம்பருக்கு, ஒன்பதாம் நம்பருக்கு... அந்த உல்லாவுக்கே நாலு இருக்கு. எனக்கு மட்டும் இதுவரைக்கும் ஒண்ணுகூட வந்ததில்ல. நான் தப்பே பண்ணினாலும் சிரிச்சுக்கிட்டே அவங்களே சுத்தம் பண்ணிட்டுப் போயிடுவாங்க. விருந்தாளியை யாராச்சும் திட்டுவாங்களாக்கா?"

காகிதத்தின் கசங்கலை உள்ளங்கையால் நீவி, ஃப்ரிட்ஜ் கதவில் அம்மா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

எர்லீனுக்கு ஆறவில்லை. "அது கிடக்கட்டும். அந்தப் பாழாய்ப்போன பஞ்சை நீ எடுத்துப் போட்டிருந்தா இந்நேரம் நாம பெட்டி கட்டியிருப்போம்!"

ரொஸெட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"நான் எங்கக்கா துவைச்சேன்? ஞாயித்துக்கிழமை பூரா ட்ராம் ஓட்டிக்கிட்டில்ல இருந்தேன்! துணியைத் தூக்கிட்டுக் கீழ போனது நீதானே?"