கட்டைவிரல்

வீடியோ கேமில் இளவரசு துப்பறிவாளன். திரைக்குள் இருந்த அந்த மலையூரில் ரொட்டிக் கடைக்காரி தினமும் அவனை நிறுத்தி, முட்டிவலியில் தொடங்கி ஊர்வம்பு வரைக்கும் பேசுவாள். யாருக்குப் பொறுமை இருக்கிறது? அவன் பொத்தானை அழுத்தி அவள் பேச்சைத் தாண்டிவிடுவான். பன்னிரண்டாம் நாள் அவள் ஏரியில் பிணமாக மிதந்தாள்.

"கடைசியா உங்ககிட்டதான் பேசியிருக்காங்க. என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் திரையிலிருந்த இன்ஸ்பெக்டர். கீழே நான்கு விடைகள் இருந்தன. எது சரியென்று இளவரசுக்குத் தெரியவில்லை. காதுமடல் சுட்டது.

"ஏங்க, நாலு நாளா ஒண்ணு சொல்லணும்னு..." என்று கதவோரம் நின்றபடி ஆரம்பித்தாள் அவன் மனைவி வளர்மதி.

இதையாவது கேட்போம் என்று திரும்பினான். கட்டைவிரல் பழக்கத்தில் தன்பாட்டில் பேச்சைத் தாண்டும் பொத்தானை அழுத்தியது.

வளர்மதி அந்த விரலையே பார்த்தாள்.

"சொல்லியாச்சு" என்றாள்.