பல்லில் கடித்த நூல்

தூத்துக்குடியில் டெய்சி நடத்தும் பியூட்டி பார்லரில், வாடிக்கையாளர் முகத்தில் படும் எதையும் வேலைக்கு முன்னும் பின்னும் சோதனைப் பெட்டிக்குள் வைத்துக் காட்டியாக வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் சுத்தம். சிவப்பு எரிந்தால் தொற்றுக்கிருமி.

புருவம் திருத்த வந்த வசுமதி பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. புது நூலுக்குப் பச்சை எரிந்தது. ஒரு புருவத்தை முடித்துவிட்டு வைத்தபோது அதே நூலுக்குச் சிவப்பு எரிந்தது.

"மேடம், உங்களுக்குக் காய்ச்சல், சளின்னு எதுவும்..." என்று இழுத்தாள் டெய்சி.

"என்னையவா சொல்றீங்க? உங்க கையில என்ன இருக்கோ, முதல்ல அதைப் பாருங்க!"

டெய்சி வசுமதியின் நெற்றியைப் பஞ்சால் துடைத்து, இப்போது சிவப்பு எரியும் என்ற நம்பிக்கையோடு பெட்டிக்குள் வைத்தாள். பச்சை எரிந்தது. தன் கையுறைகளைக் கழற்றி வைத்தாள். அவையும் பச்சைதான்.

வசுமதி எழுந்து நின்றாள். "நூலோட இன்னொரு முனைய எதுல பிடிச்சிருந்தீங்க?"

"பல்லுலதான் மேடம். இந்தத் தொழில்ல எல்லாரும் அப்படித்தான் பிடிப்போம். பத்து வருசமா இப்படித்தான் செய்றேன், நேத்து வரைக்கும் பச்சைதானே காட்டுச்சு!"

வசுமதி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, திருத்திய ஒற்றைப் புருவத்தோடு வெளியே ஓடினாள். "கம்ப்ளெய்ன்ட் பண்ணாம விடமாட்டேன்" என்று வாசலில் அவள் கத்தியது டெய்சியின் காதில் விழவில்லை.

காலையில் பார்லருக்குக் கிளம்பும் முன், ஒன்றரை வயது மகளுக்குக் கொய்யாப்பழத்தைத் தன் பல்லால் கடித்துக் கடித்துத்தான் ஊட்டிவிட்டு வந்திருந்தாள்.