இடதுபக்கச் சுவிட்ச்

மேம்பாலம் தெரிந்ததுமே என் கை சுவிட்சுக்குப் போய்விட்டது.

ஓட்டிக்கொண்டிருந்தது என் வீட்டுக்காரர் இல்லை.

"ஏங்க, ஏசியை நிறுத்திட்டீங்க?" என்றார் இளம்பரிதி. வண்டி வாங்கச் சென்னையிலிருந்து வந்தவர். ஏற்கெனவே நாலு பழைய கார் வைத்திருக்கிறார்.

"பாலம்," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. புரியவைக்கவும் தோன்றவில்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில் வண்டி அவருடையது. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எனக்கு ஓட்டத் தெரியாது. விற்றுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

இரண்டே பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அறுபத்திரண்டாம் வருஷத்து இங்கிலாந்து வண்டி. துணிக்கூரை. ஜன்னல் என்ற பெயரில் ஒரு பிளாஸ்டிக் தாள்.

இதற்குத்தான் என் வீட்டுக்காரர் ஏசி போட்டார்.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் எஞ்சின் பார்த்தவர்.

நான்தான் காரணம். திருச்சி வெயிலில் அந்தத் தகர அடுப்பில் ஏறமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக முக்கொம்பு வரை போய்வருவார். திரும்பி வரும்போது மூக்கு வண்டியின் நிறத்தில் இருக்கும்.

ரிட்டயர் ஆன வருஷம் சவரிமுத்துவைப் பிடித்தார். பாலக்கரையில் ஷெட் போட்டு டாக்ஸிகளுக்கு ஏசி மாட்டுகிற மெக்கானிக். கேட்டுவிட்டு, "சார், முதல்ல கூரை போடுங்க," என்றாராம்.

பிறகு ஏசியைப் போட்டுக் கொடுத்தார்.

குளிர் வந்தது. என் இடது முழங்காலுக்கு மட்டும்.

மிச்சமெல்லாம் இடுக்கு வழியாகத் தெருவுக்குப் போயிற்று. சிக்னலில் நின்றால் பைக்கில் வருகிறவர்கள் ஒட்டி வந்து நிற்பார்கள். ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "பச்சை விழுந்தாலும் கொஞ்சம் நில்லுங்க சார்," என்றார்.

என் முழங்காலுக்கு ஒரு சால்வை எடுத்துப்போவேன். பக்கத்தில் அவர் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருப்பார்.

ஏசியையும் ஏற்றத்தையும் அந்த எஞ்சின் சேர்த்துத் தாங்காது. பாலம் ஏறும் முன் ஏசியை நிறுத்தியாக வேண்டும். சுவிட்ச் என் கதவோரம், முழங்காலுக்கும் கீழே. ஓட்டுபவர் கைக்கு எட்டாது. வேறு எங்கேயும் இடமில்லை என்று அவர் சொல்லியிருந்தார்.

"பாலம்," என்பார். நிறுத்துவேன்.

இறங்கியதும் "ம்" என்பார். போடுவேன்.

ஒருமுறை, நாங்கள் பேசிக்கொள்ளாத வாரம். என் அண்ணன் மகள் கல்யாணத்தில் அவர் வைத்திருந்த முகம்தான் காரணம். ஆனாலும் கண் டாக்டரிடம் போயாக வேண்டும்.

"பாலம்," என்றார்.

நான் பிளாஸ்டிக் தாள் வழியாக ஊரைப் பார்த்தேன்.

"பாலம். பாலம்."

நட்டநடுப் பாலத்தில் வண்டி நின்றது. முன்னால் ஆவி. பின்னால் டவுன் பஸ். கண்டக்டர் இறங்கி வந்தார்.

"பெரியவரே, பொம்மையை வீட்டுல வெச்சு விளையாடுங்க."

ஆவிக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. "சம்சாரம் பேச மாட்டேங்குது தம்பி."

கண்டக்டர் என் பக்கம் குனிந்தார்.

"பேசிடுங்கம்மா. உள்ள அறுபது டிக்கெட் நிக்குது."

பேசினேன்.

அதற்குப் பிறகு எந்தச் சண்டையிலும் பாலத்துக்கு மட்டும் விலக்கு.

இளம்பரிதி இறக்கத்தில் நன்றாகவே ஓட்டினார். "ம்" என்று யாரும் சொல்லாததால் நான் ஏசியைப் போடவில்லை. சவரிமுத்துவின் ஷெட்டில் வந்து நின்றோம்.

"வண்டி அருமை," என்றார் இளம்பரிதி, சட்டையை முதுகிலிருந்து பிரித்துக்கொண்டே. "முதல் வேலையா இந்த ஏசியைப் பிடுங்கிடணும். சுவிட்சைக் கொண்டுபோய் அங்க வெச்சது யாரு? தனியா ஓட்டறவன் என்ன பண்ணுவான்?"

சவரிமுத்துவுக்குச் சுருக்கென்றது.

"என்னைச் சொல்லாதீங்க சார்."

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு ரப்பர் மூடி உண்டு. அதை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தார்.

உள்ளே ஓட்டை.

"நான் இங்கதான் வெச்சேன். வயரெல்லாம் இழுத்து முடிச்சாச்சு. மறுநாள் சார் வந்து, இதைக் கழட்டி அம்மா பக்கம் மாத்துய்யான்னார். நீங்க கேட்டதையேதான் நானும் கேட்டேன்."

"என்ன சொன்னார்?" என்றேன்.

"சிரிச்சார்மா. ரப்பர் மூடி இருக்கான்னு கேட்டார்."

பதினோரு வருஷமாக ஆயுதபூஜைக்கு அந்த மூடிக்கும் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன்.

இளம்பரிதி ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டார்.

அது கைப்பையில்தான் இருந்தது.

"வீட்டுல மறந்துட்டேன்," என்றேன்.

சுற்றி வந்து வலதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். முதல்முறை. ஸ்டியரிங் நினைத்ததைவிடப் பெரியது. இடது கையை நீட்டிப் பார்த்தேன்.

எட்டவில்லை.

சவரிமுத்து குனிந்து பார்த்தார். "பழையபடி இந்த ஓட்டைக்கே மாத்திடட்டுமாம்மா? அரைமணி வேலைதான்."

"வேணாம். மூடியைப் போடுங்க."

"அப்ப பாலத்துல என்ன பண்ணுவீங்க?"

இளம்பரிதியின் பக்கம் கையை நீட்டினேன். சாவி இன்னும் அவரிடம்தான் இருந்தது.