வெறும் வயிறு

“உண்மையைச் சொல்லு. அம்மாவுக்கு என்ன குடுத்த?”

“தண்ணிகூட குடுக்கலப்பா.”

மனைவி போய்ச் சேர்ந்த இந்த ஐந்து நாளாக அவர் மகளைக் குடைந்தெடுக்கும் ஒரே கேள்வி இதுதான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் புகுந்த வீட்டிலிருந்து வந்து, அம்மாவுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்தவள் அவள்தான். பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் மயக்க மருந்து கொடுத்ததும், வயிற்றிலிருந்த சாப்பாடு மேலேறி நுரையீரலை அடைத்துவிட்டது.

“அவ சாப்பிடுறதுல ஒரு மாத்திரை விடாம நான் டாக்டர்கிட்ட எழுதிக் குடுத்தேன். உன்னால ஒரு நாள் அவ வாயைக் கட்ட முடியல.”

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நேத்து டாக்டர் கூப்பிட்டாருப்பா. அம்மா வாராவாரம் சுகர் ஊசி எதுவும் போட்டாங்களான்னு கேட்டாரு. போட்டிருந்தா, சாப்பாடு செரிக்காம வயித்துலயே தங்கியிருக்கலாமாம். மாத்திரை மட்டுந்தான்னு சொல்லிட்டேன். சரிதானே?”

அவர் வாய் திறப்பதற்குள் சட்டைப் பையில் செல்போன் சிணுங்கியது. மகளே எடுத்துப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி. வாரம் தவறக்கூடாதென்று அவரே பதிந்துவைத்த நினைவூட்டல் திரையில் மின்னிக்கொண்டிருந்தது.

‘அவளுக்கு ஊசி போடணும்.’