இரவல் கை

“அந்த பஸ் டிரைவர் நம்மளை ஏமாத்துறாரு டாக்டர்!”

நர்ஸ் கம்ப்யூட்டர் திரையை டாக்டர் பக்கம் திருப்பினாள்.

அந்த மருத்துவமனையில் ரத்த அழுத்தக்காரர்களுக்கு எல்லாமே அவள்தான். ஆளுக்கொரு மெஷினை வீட்டுக்கே கொடுத்திருந்தார்கள். கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினால் போதும். அளவு போன் வழியாக அவள் திரைக்கு வந்துவிடும். பார்த்துப் போன் போடுவது, மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது, உப்பை விடாதவர்களை ஒரு பிடி பிடிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. சிக்கல் என்றால்தான் டாக்டர்.

“காலையில அளவு அம்சமா இருக்கு. ரெண்டு மூணு நாளா சாயங்காலம் எகிறுது. நாடித் துடிப்பும் வேற. ஒரே ஆளுக்கு இப்படி வராது.”

“டூட்டி முடிஞ்ச களைப்பா இருக்கும்மா.”

“களைப்புக்கு இவ்வளவு ஏறாது டாக்டர். காலையில வேற யார் கையையோ வச்சு நல்ல பேர் வாங்குறாரு. பஸ் நிறைய ஜனம். ஓட்டும்போது மயங்கி விழுந்தா?”

அன்று சாயங்காலமே வீடியோ காலில் பிடித்தாள்.

“அண்ணே, மெஷினை மாட்டுங்க. நான் பார்க்கணும்.”

“மாட்டியாச்சு சிஸ்டர். ஓடிட்டிருக்கு.”

திரையில் டிரைவரின் முகம் மட்டும் சிரித்தது.

“முகத்தைப் பார்த்தது போதும். போனைக் கீழ இறக்குங்க.”

இறக்கினார். பட்டை சுற்றிய கை தெரிந்தது. கூடவே நாலைந்து கண்ணாடி வளையல்.

“எப்பலேர்ந்துண்ணே வளையல் போட ஆரம்பிச்சீங்க?”

போனைப் பிடுங்கிக்கொண்டு ஒரு பெண் முகம் வந்தது. கழுத்தில் தையல் டேப் தொங்கியது.

“நான் அவரு சம்சாரம். அவரைத் திட்டாதீங்க சிஸ்டர். டூட்டி முடிஞ்சு வந்தா பிரஷர் ஏறிடுதாம். உங்களுக்குத் தெரிஞ்சா ஸ்டியரிங்கைத் தொட விட மாட்டாங்களாம். ‘சாயங்காலம் மட்டும் உன் கையைக் குடு’ன்னாரு. புருஷன் வேலை போயிடும்னா எவதான் கொடுக்க மாட்டா?”

கன்னாபின்னாவென்று திட்டத்தான் நர்ஸ் வாயைத் திறந்தாள். அதற்குள் திரையில் அளவு வந்து விழுந்தது.

“அக்கா... சாயங்காலமெல்லாம் உங்க கைதானா?”

“ஆமா.”

“அளவு எவ்வளவுன்னு பார்த்தீங்களா?”

“மெஷினைத் தன் பக்கம் திருப்பி வச்சுக்குவாரு. ‘உன் கையால நான் பொழச்சேன்’னுவாரு.”

“அக்கா, பயப்படாதீங்க. நூத்தித் தொண்ணூறு காட்டுது. ஏறினது அவருக்கு இல்ல. உங்களுக்கு.”

“எனக்கா? எனக்கு என்ன, கல்லாட்டம் இருக்கேன். காலையில தலைவலி வரும். அது ஊசியில நூல் கோத்துக் கோத்து வர்றது.”

“இப்பவே கிளம்பி வாங்க.”

“தைக்க வேண்டிய துணி மலையா கிடக்கு சிஸ்டர்.”

“துணி கிடக்கட்டும். நீங்க இருக்கணும்.”

வந்தாள். நர்ஸ் இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்தார்கள். கிட்னி லேசாக முனக ஆரம்பித்திருந்தது.

டாக்டர் மெல்லச் சொன்னார். “இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா என்ன வேணா ஆகியிருக்கும். நல்ல நேரத்துல பிடிச்சீங்க சிஸ்டர்.”

டிரைவர் மனைவிக்கும் தனியாக ஒரு மெஷின் கிடைத்தது. கூடவே நர்ஸின் போன் தொல்லையும்.

“நேத்து மாத்திரை போடலதானே?”

“அங்கே உட்கார்ந்துக்கிட்டு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க சிஸ்டர்?”

“உங்க பிரஷரே போட்டுக் கொடுக்குதே!”

சண்டை, சமாதானம், மறுபடி சண்டை. உப்பு டப்பா மேல் அலமாரிக்குப் போனது. தையலுக்கு நடுவே எழுந்து நடந்தாள். படி இறங்குகிற மாதிரி அளவு இறங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் காலை, எதிர்பார்த்த இடத்திலேயே வந்து நின்றது.

நர்ஸ் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்து போன் போட்டாள். “அக்கா! ஜெயிச்சுட்டீங்க! நார்மல்!”

“நல்லாப் பாருங்க சிஸ்டர். என் கைதானே?”

நர்ஸ் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து டாக்டரே எட்டிப் பார்த்தார். விஷயம் தெரிந்து அவரும் கை தட்டினார்.

அடுத்த பரிசோதனைக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்தே வந்தார்கள். கிட்னியும் தேறியிருந்தது. மனைவி டாக்டரைப் பார்க்க உள்ளே போனதும் நர்ஸ் டிரைவரை மடக்கினாள்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். அன்னைக்குப் பிறகு எத்தனையோ சாயங்காலம் உங்களுக்குப் பார்த்தாச்சு. ஒரு தடவைகூட ஏறல. அப்புறம் எதுக்கு அவங்க கையை வச்சு ஏமாத்தினீங்க?”

டிரைவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

“அவ அக்காவும் இப்படித்தான் சிஸ்டர், தலைவலி தலைவலின்னே இருந்து ஒரு பக்கம் கை கால் விழுந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வான்னு இவளைக் கெஞ்சாத நாளில்ல. நான் அளவைக் காட்டினா மெஷின் ரிப்பேரும்பா. நீங்களே பிடிச்சுச் சொன்னா நம்பித்தானே ஆகணும்? நீங்க விட மாட்டீங்கன்னும் தெரியும்.”

“அதுக்காக உங்க வேலை போயிடும்னு பொய் சொன்னீங்களா?”

“வேற வழி? தனக்குன்னா ஒரு விரலைக்கூட நீட்ட மாட்டா சிஸ்டர். எனக்குன்னு கேட்டேன்... கையையே நீட்டிட்டா.”