சாக்பீஸ் கோடு

எண்ணெய்க் கிணற்றின் அடியிலிருந்து கேஸ் தள்ளுகிறதா என்று பார்க்கப் பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் ஆகிறது. இத்தனை நாளும் காதை அடைத்த இரைச்சல் ஓய்ந்ததும், கடல் மேடையில் எங்கோ ஒரு சங்கிலி ஆடி இரும்பில் இடிப்பது தனியாகக் கேட்கிறது. துளையிடும் சேற்றை, அதாவது 'மட்'டை, கவனிப்பதால் எல்லோரும் 'மட் அக்கா' என்று கூப்பிடும் பெண் தொட்டிமேல் குனிந்து நிற்கிறாள். கிணற்றுக்குள் போய்த் திரும்பிய செயற்கை எண்ணெய்ச் சேறு காப்பிப்பொடி நிறத்தில் பளபளக்கிறது. நண்பகல் வெயில் அதன்மேல் தகடாகக் கிடக்கிறது. சேற்றைத் தொட்டும் தொடாமலும், மட்டம் ஏறுகிறதா என்று பார்க்கத் தொட்டிச் சுவரில் அவள் கிழித்த சாக்பீஸ் கோடு. கையுறைக்குள் விரல்கள் பிசுபிசுக்கின்றன. வாக்கி டாக்கி கரகரக்கிறது. மேலே, கிணற்றை மூடும் நெம்புகோலருகே நிற்கும் டிரில்லர்தான்.

"ஏறலைல்ல அக்கா? பம்பைப் போடட்டுமா? பால் பொங்குதான்னு பாத்துக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு."

"பொறுங்க. தண்ணியில கலக்கின சேறா இருந்தா கேஸ் நுழைஞ்சதுமே ஏறிக் காட்டிக்குடுத்துடும். இந்த எண்ணெய்ச் சேறு கேஸைக் கரைச்சு வயித்துக்குள்ளயே வெச்சுக்கும். மேல வர்ற வரைக்கும் மூச்சு விடாது."

"அப்ப ஏறினாலும் பயம், ஏறாட்டியும் பயமா?"

அவள் சிரிக்கப் பார்க்கிறாள், வரவில்லை. புருவத்தில் நின்ற வியர்வை கண்ணில் இறங்கி எரிகிறது. சட்டைக் கையால் அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி குனிகிறாள். சங்கிலி ஒருமுறை இடிக்கிறது. சுவரில் கோட்டைத் தேடுகிறாள். சேறுதான் தெரிகிறது.

"மூடுங்க."